பெட்டி இல்லாத குளிசை

அந்தக் குளிசை மருந்தை ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது நான்தான். விளம்பரத்தை வாசித்துத் தமிழில் சொன்னவளும் நான்தான். கடைசியில் எல்லோரையும் விட அதிகமாகக் கத்தியதும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு வாசிக்கக் கூடாது.

சமாதானம் வந்து, வன்னிக்குப் பாதை திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் வட்டக்கச்சிக்காரி. முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடிச் சங்கத்தில் எழுதுகிற வேலை கிடைத்து, ஞானமலர் மாமி வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். பாதிச் சுவர் கல், மீதி கிடுகு. மாமியின் புருசன் கடலோடு போனவர். மகன் மெல்ரொன் பாரிசில். மருமகள் யூலியானாதான் அந்த வீட்டைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தாள். கலியாணம் முடித்து நாலாம் மாதம் மெல்ரொன் வெளிக்கிட்டவன். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அவள் அவனைக் கண்ணால் காணவில்லை.

யூலியானாவுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. ஆள் பெருத்த ஆள். சிரித்தால் தோள் சேர்ந்து குலுங்கும். கரைவலை கரைக்கு வந்ததென்றால் ஈரச் சூடை மீனை நிரப்பிய ஓலைக் கடகத்தைத் தனியாகத் தலையில் ஏற்றிக்கொண்டு சுடுமணலில் நடந்து வருவாள். ஆம்பிளைகள் இரண்டு பேர் பிடித்துத் தூக்குகிற கடகம் அது. வந்து குந்தினால் கத்தி மீனுக்குள் போய் வருவது எங்கள் கண்ணுக்குத் தெரியாது. கட்டா மீனைப் பிளந்து, குடல் எடுத்து, உப்புத் தேய்த்து, பரணில் பரப்பி, வெயில் திரும்பத் திரும்ப மீனையும் திருப்பிப் போடுவாள். அவளுடைய கட்டாக் கருவாட்டுக்கு வவுனியாவிலிருந்து ஆள் வரும்.

அவள் பெருத்தது அந்த ஒரு வருடத்துக்குள்தான். அதற்கு முன் இடம்பெயர்ந்து காட்டுப் பக்கம் கொட்டிலில் கிடந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தாளாம். சமாதானம் வந்தது, கரைக்குத் திரும்பினாள், வயிறு நிறையச் சாப்பிட்டாள், தேறினாள். இதில் என்ன குற்றம் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

மாசி மாதம் மெல்ரொன் முழு உயரப் படம் ஒன்று கேட்டான். வைகாசியில் வந்து பார்த்துவிட்டு, அவளைப் பிரான்சுக்குக் கூப்பிடுகிற அலுவல் தொடங்கப் போவதாகச் சொன்னான். பாதை திறந்த பிறகு இப்படி எத்தனையோ பேர் வந்துகொண்டிருந்தார்கள். வவுனியாவில் கருவாடு கொடுக்கப் போன இடத்தில் சிவப்புச் சேலையோடு படம் எடுத்து அனுப்பினோம். அடுத்த கிழமை அங்கேயே முத்துலிங்கத்தின் ரெலிபோன் கடையிலிருந்து அவனோடு கதைத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் முகம் மாறியது. ரெலிபோன் கூட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து வாங்கிலில் இருந்தாள்.

"என்ன சொன்னவர்?"

"'ஏன் இப்பிடி வந்திட்டாய்' எண்டு கேக்கிறார்."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை. வைக்கிறன் எண்டிட்டு வைச்சிட்டார்."

அறுவான்! எனக்கு அந்த இடத்திலேயே ரெலிபோனைப் பிடுங்கி நாலு ஏச்சு ஏசலாம்போல இருந்தது. ஆனால் ஏசவில்லை. அதற்குப் பதிலாக நான் செய்தது இன்னும் மோசம்.

முத்துலிங்கம் கெட்டவர் இல்லை. இன்ரநெற் வந்த புதிது, அதில் வருவதெல்லாம் வெள்ளைக்காரன் பரிசோதித்துப் பார்த்துப் போடுவது என்று நம்பினவர். "தங்கச்சி, இதுக்கு இப்ப மருந்து இருக்கு. இஞ்ச வந்து பாருங்கோ" என்று கணினிக்கு முன்னால் கூட்டிப் போனார். திரையில் ஒரு பெண், பக்கத்தில் அதே பெண் பாதி உடம்போடு. நான் படித்த இங்கிலீசை எல்லாம் கூட்டி வாசித்தேன். முப்பது நாளில் பதினைந்து கிலோ. உடற்பயிற்சி வேண்டாம். சாப்பாடு குறைக்க வேண்டாம். முழுக்க மூலிகை. இன்றைக்கு மட்டும் பாதி விலை. உங்கள் படத்தை அனுப்பினால் ஆலோசனை இலவசம்.

"இண்டைக்கு மட்டுமாமோ?" என்று யூலியானா கேட்டாள்.

"ஓம், அப்பிடித்தான் போட்டிருக்கு."

எங்கே இருக்கிற கொம்பனி என்று அவளும் கேட்கவில்லை, நானும் தேடவில்லை. மீன் வாங்குகிறபோது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு சதம் கொடுக்காதவள் அவள். இங்கே தூக்கிப் பார்க்கச் செவுள் எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை. முத்துலிங்கம் கனடாவில் இருக்கிற தம்பியின் கிரெடிட் காட் இலக்கத்தை அடித்தார். அவளுடைய சிவப்புச் சேலைப் படமும் போனது.

மூன்றாம் கிழமை சங்க அலுவலாக வவுனியா போன நான் பார்சலை எடுத்துக்கொண்டு வந்தேன். வழவழப்பான பெட்டி, உள்ளே நாலாக மடித்த கடதாசி, போத்தல். ஓமந்தைக்குக் கிட்ட பஸ் வந்ததும் என் கை தன்பாட்டுக்கு வேலை செய்யத் தொடங்கியது. பெட்டியைக் கிழித்தேன். கடதாசியைக் கசக்கினேன். போத்தலைத் திறந்து குளிசைகளைப் பேப்பரில் கொட்டிச் சுருட்டி, பிஸ்கற் பைக்குள் அடியில் வைத்தேன். மிச்சத்தை யன்னலால் எறிந்தேன்.

ஒருவரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. சமாதான காலம். ஆனால் பத்து வருடமாக வன்னிக்கு மருந்து வந்தது அப்படித்தான். பனடோல் கூடப் பெட்டியோடு நாங்கள் கண்டதில்லை. பெட்டியோடு வந்தால் சாவடியில் ஆமி பறிக்கும், பேப்பரில் சுருண்டு வந்தால் தப்பும். பெயரும் திகதியும் இல்லாத குளிசையை விழுங்கித்தான் நாங்கள் காய்ச்சலை மாற்றினோம். ஊருக்குள்ளே ஒருத்தரும் சந்தேகப்படாத மருந்து பெயர் இல்லாத மருந்துதான். யூலியானா அதை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, "கஷ்ரப்பட்டுக் கொண்டந்திருக்கிறாய் என்ன!" என்றாள். எனக்குப் பெருமையாக வேறு இருந்தது.

தவக்காலம் தொடங்கியிருந்தது. கத்தோலிக்கர்கள் நாற்பது நாள் ஒருசந்தி பிடிப்பார்கள், ஒரு நேரம்தான் முழுச் சாப்பாடு. யூலியானா காலையும் இரவும் ஒன்றும் தொடவில்லை. மத்தியானச் சோற்றையும் அளைந்துவிட்டு எழும்பினாள். மாமிக்கு உச்சி குளிர்ந்தது.

"முந்தி ஒரு வெள்ளிக்கிழமை தாங்கமாட்டாள். இந்த வரியம் பாருங்கோவன், தண்ணி வென்னி இல்லாமல் பிடிக்கிறாள். ஆண்டவர் கண் திறப்பார்" என்று அக்கம்பக்கத்தில் சொல்லித் திரிந்தா.

குளிசை பசியைக் கொன்றுபோட்டிருந்தது என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். வாய் காய்ந்து நாக்கு ஒட்டியது. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் மூத்திரத்துக்கு வீட்டுக் கோடிப் பக்கம் ஓடினாள். நித்திரை இல்லை. ஆனால் சனிக்கிழமை மத்தியானம் சங்கத்துக் கதவைச் சாத்திவிட்டு மீன் நிறுக்கிற தராசில் அவளை ஏற்றினேன். நாலு கிலோ குறைந்திருந்தது. தராசிலேயே நின்று கையைத் தட்டிச் சிரித்தாள். அடுத்த சனி ஆறு. நானும் சேர்ந்து சிரித்தேன்.

பங்குனி வெயில் மணலைப் பொரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் வலை கனத்து வந்தது. நிறையப் பாரை மீன். கரையே கூச்சல். யூலியானா கடகத்தை ஏற்றி நாலு அடி வைத்தாள். ஐந்தாவது அடியில் கடகம் முன்னால் போனது, ஆள் பின்னால் விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்கினோம். அவளுடைய நெஞ்சில் கை வைத்தேன், உள்ளே இயந்திரம் ஓடுகிறமாதிரி அடித்தது.

"நாகேஸ், நான் சாகப்போறன்போல" என்றாள்.

அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஷெல்லடிக்குள்ளும் சொல்லியிருக்க மாட்டாள்.

லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு நாள் சேலைன் ஏறியது. டொக்டர் இளம் பெடியன், கண் சிவந்து போய் நின்றார். பேப்பர்ச் சுருளை விரித்துப் பார்த்தார்.

"இதின்ர பெட்டி எங்கை?"

"எறிஞ்சுபோட்டன்" என்றேன்.

"கடதாசி?"

"அதையும் எறிஞ்சுபோட்டன்."

"பேந்து என்னெண்டு நான் மருந்து குடுக்கிறது? உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நெஞ்சைப் படபடக்க வைக்கிற சாமான் ஒண்டு, மூத்திரம் போகப்பண்ணுற சாமான் ஒண்டு, அப்பிடித்தான் நினைக்கிறன். மூலிகை எண்டு எழுதினாப்போலை மூலிகையோ? இன்னும் ஒரு கிழமை குடிச்சிருந்தா இஞ்ச கொண்டந்திருக்கவே மாட்டியள்." பிறகு மெதுவாகச் சொன்னார். "ஆள் காஞ்சுபோச்சு. உடம்பில இருந்து தண்ணிதான் போயிருக்கு."

யூலியானா கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். தண்ணி என்ற சொல்லுக்குக் கண்ணைத் திறந்தாள்.

வீட்டுக்கு வந்த அடுத்த நாள் காலை ஒரு செம்பு கஞ்சி குடித்தாள். பிறகு தண்ணீர், பிறகு இளநீர், மத்தியானம் சோறு. மாமி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டு நின்றா. மூன்றாம் நாள் யூலியானா என்னைச் சங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போய்த் தராசில் ஏறினாள். போன ஆறு கிலோவில் ஐந்து திரும்பி வந்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை.

"எடி நாகேஸ், பச்சைக் கட்டாவுக்கு உப்புப் போட்டுக் காயவிட்டா பாதிக்கு மேலை நிறை போகும். கட்டா மெலிஞ்சுபோச்சுதெண்டு ஆரும் சொல்லுவினமோ?"

"இல்லை."

"கள்ளன் காஞ்ச கருவாட்டுக்குத் தண்ணி தெளிச்சு நிறை கூட்டுவான். உவங்கள் அதுக்கும் மேலை போட்டாங்கள். தண்ணியை எடுத்து நிறை குறைச்சுப்போட்டு, கொழுப்புக் கரைஞ்சதெண்டு பேய்க்காட்டுறாங்கள். பதினஞ்சு வரியமாக் கருவாடு போடுறன். என்னையே ஒருத்தன் கருவாடு போட்டிட்டான், எனக்குத் தெரியேல்லையே!"

தராசிலிருந்து இறங்கி, வாசற்படியில் இருந்து, தலையில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டாள். நான் அவளுடைய கையைப் பிடித்தேன். என் தலை என்றால் உடைந்துபோயிருக்கும், அவ்வளவு பலம் திரும்பியிருந்தது.

அன்று மத்தியானம் அவள் பாரைக் குழம்பை ஊற்றிச் சோறு பிசைந்தபோது மாமிக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளை, டொக்டர் நல்லாச் சாப்பிடச் சொன்னது மூண்டு நாளைக்கு. இனித் தவக்காலம் முடியும்வரைக்கும் ஒருசந்தியைத் தொடரலாம்தானே? இவ்வளவு நாள் பிடிச்சதை விடலாமோ? பாவமெல்லே."

யூலியானா வாய்க்குள் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"மாமி, நான் பிடிச்சது ஆண்டவருக்கு இல்லை. உங்கட மோனுக்கு. அதை ஒருசந்தி எண்டு சொல்லாதேங்கோ, ஆண்டவருக்குக் கோவம் வரும்."

மாமி சட்டியை எடுத்து வந்து அவளுடைய கோப்பையில் இன்னும் ஒரு துண்டு மீன் வைத்தா. வைத்துவிட்டு, "என்ர பிள்ளை எண்டாலும் அவன் அப்பிடிக் கேட்டிருக்கப்படாது" என்றா. நான் அந்த வீட்டில் இருந்த காலத்தில் மாமி மகனைக் குறை சொல்லிக் கேட்டது அது ஒருதரம்தான்.

குருத்தோலை ஞாயிறு முடிந்த திங்கள் நாங்கள் இரண்டு பேரும் வவுனியா போனோம். மெல்ரொன் அன்றைக்குப் பத்து மணிக்கு முத்துலிங்கத்தின் கடைக்கு ரெலிபோன் எடுப்பதாக இருந்தது. நாங்கள் எட்டரைக்கே போய்விட்டோம். முத்துலிங்கம் எங்களைக் கண்டதும் கதிரையிலிருந்து எழும்பினார். மனிசன் அரைவாசி ஆகியிருந்தார்.

"தங்கச்சி, நானே உங்களுக்குச் சொல்லியனுப்ப இருந்தனான். அவங்கள் மாசாமாசம் தம்பியின்ர காட்டில இருந்து காசு வெட்டுறாங்களாம். நிப்பாட்டச் சொல்லி எழுதினா மறுமொழி இல்லை. தம்பி என்னோடை கதைக்கிறேல்லை."

"அந்தப் பக்கத்தைத் திறவுங்கோ" என்றாள் யூலியானா.

திறந்தார். இன்றைக்கு மட்டும் பாதி விலை. அன்றைக்கு இருந்ததுபோலவே இன்றைக்கும் இன்றைக்கு மட்டும்தான். இந்த முறை நான் அவசரப்படாமல் வாசித்தேன். ஒரு விலாசம் இல்லை. ஒரு டொக்டரின் பெயர் இல்லை. குளிசைக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. மெலிந்த பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒரே பெண்ணுக்கு மேலே ஒரு பெயர், கீழே வேறு பெயர். இதையெல்லாம் முதல் நாள் பார்க்க எனக்கு என்ன கோதாரி பிடித்தது?

முத்துலிங்கம் பக்கத்தைக் கீழே இறக்கிக்கொண்டு போனார். யூலியானா அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினாள்.

திரையில் சிவப்புச் சேலையோடு அவள் நின்றாள். எங்கள் யூலியானா. பக்கத்தில் சிவப்புச் சட்டையோடு இடுப்புச் சிறுத்த ஒருத்தி. தலையையும் முகத்தையும் பாதி வெட்டியிருந்தார்கள். கீழே இங்கிலீசில் மூன்று வரி எழுதியிருந்தது.

"வாசி" என்றாள்.

"மாலா, பம்பாய். நாப்பது நாளில இருபத்திரண்டு கிலோ குறைஞ்சனான். என்ர புருசன் இப்ப என்னை விட்டு விலகுறேல்லை. அப்பிடி எழுதியிருக்கு."

அவள் கத்தவில்லை. நான்தான் கத்தினேன். கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, நாசமாய்ப் போவான்கள், பாடையில போவான்கள் என்று வாய்க்கு வந்ததெல்லாம் கத்தினேன். என் குரல் முடிந்த பிறகு அவள் முத்துலிங்கத்திடம் கேட்டாள்.

"உந்தப் படத்தை எடுக்கச் சொல்ல ஏலாதோ?"

"எழுதலாம் தங்கச்சி. எடுக்கமாட்டாங்கள். எங்கை இருக்கிறாங்கள் எண்டே தெரியாதே."

"அப்ப அதைப் பெரிசா அடிச்சுத் தாங்கோ."

"ஏன் பிள்ளை, இன்னும் நாலு பேர் பாக்கவோ? வெக்கக்கேடு."

"எனக்கென்ன வெக்கம்? களவெடுத்தவன் நானோ?"

அடித்துக் கொடுத்தார். யூலியானா மேசையில் கிடந்த சிவப்பு மைப் பேனையை எடுத்தாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள், ஒவ்வொரு எழுத்தாகப் பெரிதாக எழுதினாள். நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை.

"இதில் நிற்பது மாலா இல்லை. நான் யூலியானா, முல்லைத்தீவு. பக்கத்தில் நிற்பது யார் என்று எனக்குத் தெரியாது. இந்தக் குளிசை குடித்து நான் மெலியவில்லை. ஆசுப்பத்திரிக்குத்தான் போனேன். விலாசம் இல்லாதவனிடம் மருந்து வாங்காதீர்கள். பெட்டியை எறியாதீர்கள்."

கடைசி வரியை எழுதும்போது என்னை ஒருதரம் பார்த்தாள். எனக்கு அது போதும்.

"இதைக் கடை வாசலிலை ஒட்டுங்கோ அண்ணை" என்றாள். முத்துலிங்கம் தயங்கினார். கடைப் பெயர் கெடும் என்று இழுத்தார். "ஒட்டாட்டி நான் வாசலிலை நிண்டு வாயாலை சொல்லுவன். எனக்கு இண்டைக்கு வேறை வேலை இல்லை" என்றாள். பசை எடுத்து வந்து அவரே ஒட்டினார். ஒட்டி முடிய முன்னமே மூன்று பெண்கள் நின்று வாசித்தார்கள். அதில் ஒருத்தி, நல்ல உடுப்புப் போட்ட ஆள், கைப்பையைத் திறந்து எதையோ தொட்டுப் பார்த்துவிட்டு மூடினாள்.

பத்து மணிக்கு ரெலிபோன் அடித்தது. யூலியானா கூட்டுக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை.

"ஓம், நான்தான்... ஓம், மாமி சுகம்... என்ன? மெலிஞ்சிட்டனோ? இல்லை. மெலியேல்லை."

அந்தப் பக்கம் ஏதோ நீளமாகப் போனது. அவள் விரலில் வயரைச் சுற்றவில்லை, நிலத்தைப் பார்க்கவில்லை. வலை இழுக்க நிற்கிறமாதிரிக் காலை அகட்டி நின்றாள்.

"இஞ்சேருங்கோ, நான் சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோ. நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு நான் குளிசை குடிச்சு ஆசுப்பத்திரியிலை கிடந்தனான். ஓம், உண்மையாத்தான்... இல்லை, இப்ப சுகம். பயப்பிடாதேங்கோ. பேசாமல் கேளுங்கோ. நானும் ஒருக்கா மெலிவா இருந்தனான். கொட்டிலிலை, நிவாரண அரிசிக்குக் காத்துக்கொண்டு, முள்ளந்தண்டு எண்ணலாம். அப்ப ஆரும் என்னை வடிவெண்டு சொல்லேல்லை. உங்களுக்குப் படம் அனுப்பவும் வழி இல்லை. இப்ப இருக்கிற உடம்பு நான் உழைச்சுச் சாப்பிட்ட உடம்பு. இதாலைதான் உங்கட அம்மாவையும் பாக்கிறன். இதைக் குறைச்சுக்கொண்டு உங்களிட்டை வர எனக்கு ஏலாது."

நான் வாங்கிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். ஒன்பது வருடம் காத்திருந்தது இதற்காகவா, இதோடு முடிந்துவிடுமா என்று நினைத்தேன். பிறகு அவன் ஏதோ சொன்னான்.

"வாறியளோ? வாங்கோ. நான் வரவேண்டாம் எண்டு சொல்லேல்லை. அம்மா பாத்துக்கொண்டிருக்கிறா." ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள். "ஆனா ஒண்டு. ஒம்பது வரியத்திலை நீங்கள் அனுப்பின படம் எல்லாம் கழுத்துக்கு மேலைதான். இந்த வரியம் முழு உயரத்துக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ. நானும் பாக்கவேணுமெல்லே. பாத்திட்டு, நான் பிரான்சுக்கு வாறதோ இல்லையோ எண்டு யோசிச்சுச் சொல்லுறன்."

அவன் மறுமொழி சொல்ல முன்னம் ரிசீவரை வைத்தாள்.